பதினாறு சென்ட் புல்தரை

ஜூலை 9, புதன்

இந்த டைரியின் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் ‘ராஜகுரு புரமோட்டர்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறது. முதல் பக்கத்தில் ராஜகுரு வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரிக்கிறார். வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு இப்படி நாலைந்து டைரி வரும். பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுவேன். இன்றைக்கு ஒன்றை எடுத்திருக்கிறேன். ராஜகுருவின் காகிதத்திலேயே எழுதினால் என்ன?

காலையில் இட்லி மாவு வாங்க வந்த ஜமீலா அக்காதான் சொன்னார். “பார்க்குல கல்லு நட்டுருக்காங்க பூங்கோதை. போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். செண்பகா நகரின் நடுவில் பூங்காவுக்கென்று விட்ட பதினாறு சென்ட் அது. திண்டுக்கல்லுக்கு வெளியே இந்த நகரைப் போட்டபோது வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டினார்கள். ஒன்பது வருஷமாக அங்கே வளர்ந்தது சீமைக்கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும்தான். இன்று முள்ளுக்குள் பாதை வெட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டு, நான்கு மனையாகப் பிரித்திருக்கிறார்கள்.

இந்த நகரில் பாதி மனைகளை விற்றுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன். ராஜகுருவுக்குப் புரோக்கர். ஜமீலா அக்கா வாங்கியது பூங்காவுக்கு நேர் எதிரே. ‘பூங்கா பார்த்த மனை’ என்று சொல்லிக் கூடுதல் விலை. அக்காவின் வீட்டுக்காரர் அந்த வாசலில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தபடியே இருந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பெரிய இடத்து விஷயம் கோதை. நீ மாவை மட்டும் பாரு” என்றார்.

மாவையும் பார்ப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் வீட்டு முன்னாலேயே கூட்டம். மாவு வாங்க எப்படியும் எல்லோரும் வருவதால் தனியாக அழைக்க வேண்டியிருக்கவில்லை. இவர் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளரான இன்சூரன்ஸ் ஏஜென்ட் குணசீலன் ஒன்றிய அலுவலகம் வரை போய்விட்டு வந்திருந்தார். பூங்காவை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். ராஜகுரு எழுதவே இல்லையாம். அக்டோபரில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். அங்கிருந்த எழுத்தர் சொன்னாராம்: ‘பூங்கான்னா பூங்கா மாதிரி இருக்கணும் சார். முள்ளுக்காட்டைக் காட்டி நான் என்ன எழுதுறது?’

வழக்குப் போடலாம் என்றார் ஒருவர். சுவர் எழுப்பலாம் என்றார் இன்னொருவர். மூன்றாவது தெருக்காரர் பிள்ளையாரை வைத்துவிடலாம், அப்புறம் ஒருத்தனும் கை வைக்க மாட்டான் என்றதும் எல்லாத் தலையும் ஆடியது. ஜமீலா அக்கா மட்டும் முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளையார் எங்க வீட்டு மாடத்துல நல்லாத்தான் இருக்காரு. பார்க்குல எல்லா வீட்டுப் பிள்ளையும் உருளணும். புல்லுப் போடுவோம்” என்றேன்.

சிரித்தார்கள். மாடு கட்டவா என்று கேட்டார்கள். மரம் வளர வருஷம் ஆகும், அதை வெட்ட ஒரு பொழுது போதும் என்றேன். புல் இரண்டு மாதத்தில் தரையைப் பிடிக்கும். பச்சையாகத் தரை தெரிந்தால் எந்த அதிகாரி அதை முள்ளுக்காடு என்று எழுதுவார்?

எனக்குப் புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

முள் எடுத்தாயிற்று. ஜேசிபிக்காரர் வேரோடு பிடுங்கிப் போட்டார். நட்டிருந்த கல்லும் அதோடு வந்துவிட்டது. நாங்கள் என்ன செய்வது? கண்ணாடிச் சில்லு பொறுக்கியதில் எல்லோருக்கும் விரலில் கட்டு. நாளைக்கு மாவு அரைக்கக் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

நானும் ஜமீலா அக்காவும் பஸ் பிடித்து நர்சரிக்குப் போனோம். கொரியன் புல் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருந்தார்கள். விரித்துக் காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மெத்தை. அக்காவும் நின்றார்.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஓடி விளையாடினால் தாங்குமா? அவ்வளவாகத் தாங்காது என்றார் நர்சரிக்காரர். பரவ எத்தனை நாள்? அது மெதுவாகத்தான் போகும், அழகுக்கு வைப்பது என்றார். அழகுக்கு வைத்து நாங்கள் என்ன செய்ய? அக்டோபருக்குள் தரையை மூட வேண்டும், ஒரு சிறுவன் வழுக்கி விழுந்தாலும் மறுநாள் புல் எழுந்து நிற்க வேண்டும், வெயில் தாங்க வேண்டும். நிழல் தர எங்களிடம் ஒரு மரம்கூட இல்லை.

அப்படியென்றால் பெர்முடா என்றார். விதையாகவே கிடைக்குமாம். பாக்கெட்டைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்த்தேன். அருகம்புல் சாயல். “இது நம்ம அருகம்புல்தானே?” என்றதற்கு, “சொந்தக்காரங்கதான்கா, ஆனா இது சீமையில படிச்சது” என்றார். அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று.

வேறு ஒரு விதைக்கடையில் பாதி விலைக்கு இன்னொரு பாக்கெட்டும் இருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கிவந்திருக்கிறேன். கடைக்காரர் பேச்சை நம்பி விதைக்கப் போவதில்லை. பயறு முளைக்கட்டிப் பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டுத்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழைய இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து, இந்தக் குழிக்கு இந்த விதை, அந்தக் குழிக்கு அந்த விதை என்று வைத்திருந்தேன். விதை கடுகைவிடப் பொடி. மூச்சு விட்டால் பறக்கிறது. ஜன்னலோரம் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன்.

பாதி விலை விதை பூஞ்சணம் பிடித்துவிட்டது. நர்சரி விதையில் நூல் நூலாக வெள்ளை முளை. தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். மாடு கட்டவா என்று கேட்டவர்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

இவர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நாளாகவே ஒன்றும் சொல்வதில்லை. போன் வந்தால் மாடிக்குப் போய்விடுகிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இப்போது மண். பூங்காவில் இருப்பது சுக்காங்கல். தண்ணீர் ஊற்றினால் நிற்கிறது, காய்ந்தால் தார் ரோடு. மேலே அரை அடிக்காவது நல்ல மண் போட்டாக வேண்டும் என்று நர்சரிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இன்னொரு இட்லித் தட்டு எடுத்தேன். ஒரு குழியில் வெறும் செம்மண். ஒன்றில் கண்மாய் வண்டல். ஒன்றில் செம்மண்ணோடு மணலும் மக்கிய சாணமும். வண்டல் பார்க்கக் கறுப்பாக ஆசையாக இருந்தது. இரண்டாம் நாளே வெடித்துவிட்டது. அதோடு கோரைக் கிழங்கும் முளைவிட்டிருந்தது. கோரை வந்தால் புல்லை விழுங்கிவிடும். வண்டல் வேண்டாம். கலவைதான்.

இதைச் சோற்றுத் தட்டை வைக்கும்போது சொன்னேன். இவர் நிமிர்ந்து பார்த்தார். செம்மண்ணுக்கு நானே ஏற்பாடு செய்கிறேன் என்றார். தெரிந்த இடத்தில் இருக்கிறதாம். லாரியும் அவர் பொறுப்பாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லாரி வந்தது. நிறம் சரி. பொலபொலவென்று இருந்தது. குணசீலன் இவரைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். இவர் லாரிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

குவியலின் ஓரத்தில், காய்ந்த இடத்தில், வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கிள்ளி நாக்கில் வைத்தேன். இருபது வருஷமாக மாவுக்கு உப்புப் பார்த்த நாக்கு. கரித்தது.

உவர் மண். இதில் புல் முளைக்காது. முளைத்தாலும் கருகும். அதோடு போகாது, கீழே இருக்கும் தரையும் கெடும்.

மீதி மண்ணைக் கொட்ட வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கொட்டிய கொஞ்சத்தையும் கூடையில் அள்ளிப் போட்டோம். டிரைவர் இவரைப் பார்த்தார். இவர் கையைக் காட்டினார், போகச் சொல்லி.

அவருக்குத் தெரிந்திருக்காது. மண்ணைப் பற்றி அவருக்கென்ன தெரியும், மனையைப் பற்றித்தானே தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

“மண்ணு உப்புன்னு தெரியுமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

பதில் அதற்கு வரவில்லை. வேறொன்று வந்தது. “நாலு மனையில ஒண்ணு நமக்கு, கோதை. உன் பேர்லயே எழுதித் தர்றேன்னு ராஜகுரு சொல்லிருக்காரு. எத்தனை வருஷம் அடுத்தவனுக்கு மனை காட்டுறது?”

அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஜமீலா அக்கா வாசலுக்கு எதிர்ல, என் பேர்ல, எனக்கு ஒரு பிடி மண்ணு வேண்டாம்” என்றேன்.

கிரைண்டரைப் போட்டுவிட்டேன். அதன் சத்தத்தில் மேற்கொண்டு யாரும் பேச முடியாது.

ஆகஸ்ட் 13, புதன்

ஒட்டன்சத்திரத்தில் அவர் அண்ணன் வீட்டில் ஏதோ வேலையாம். சட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜமீலா அக்காவின் தம்பி சின்னாளபட்டி பக்கம் தோட்டத்தில் கிணறு வெட்டுகிறார். மேல் மண்ணை மட்டும் தனியாக ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டோம். கிணற்றின் ஆழத்து மண் வேண்டாம், அதில் சத்து இருக்காது. வெங்காயம் போட்ட தோட்டம். அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்தது. நாக்கில் வைத்தும் பார்த்தேன். அக்கா முகத்தைச் சுளித்தார். “போதும்டி, மண்ணு தின்னுற பிள்ளையைப் பெத்தவ மாதிரி என்னைப் பார்க்க வைக்காத” என்றார்.

மணல், மக்கிய சாணம் எல்லாம் கலந்து பரப்பியாயிற்று. வாசலில் நின்றால் புது மண் வாசனை.

ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது எளிது. மிச்சமாகாது. இன்றைக்கு மிச்சமாகிவிட்டது. பழக்க தோஷம்.

ஆகஸ்ட் 20, புதன்

ஓசூரிலிருந்து மகள் சுபாஷிணி போன் செய்தாள். அப்பாவுக்கும் உனக்கும் சண்டையா என்றாள். சண்டையெல்லாம் இல்லை, புல் போடுகிறோம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விதைத்தோம்.

முதலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டித் தரையைச் சமப்படுத்தினோம். விதையைப் பொடி மணலோடு கலந்தேன், வெறும் விதையைத் தூவினால் காற்றுக்கு ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். பாதியைக் கிழக்கு மேற்காக, மீதியைத் தெற்கு வடக்காக. மேலே சல்லடையில் சலித்த எரு, விதை மறைந்தும் மறையாமலும். மாவு சலிக்கும் சல்லடைதான். வேறு வாங்கிக்கொள்கிறேன்.

எல்லோரும் போன பிறகு ஓரத்தில் நின்றேன். பதினாறு சென்ட் வெறும் மண். இதற்கா இவ்வளவு என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேல் மண் காயவே கூடாது. பூவாளி மாதிரி மெல்லமாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முறை வைத்து வீட்டுக்கு ஒரு குழாய் என்று பேசியிருந்தோம். குணசீலன் வீட்டு முறையன்று குழாய் வரவில்லை. ராஜகுரு அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். செப்டம்பரில் குணசீலன் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் ராஜகுருவின் மச்சானுடையது. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று என்னிடமே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சாயந்தரம் அவர் மனைவி மாவு வாங்க வந்தார். மாவு கொடுத்தேன், எப்போதும் போலக் கூட ஒரு கரண்டி போட்டு. ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குணசீலன் வீட்டுச் சுவருக்கு மேலே பச்சைக் குழாய் ஒன்று பூங்கா வரை கிடக்கிறது. பிடித்துக்கொண்டு நின்றது அவர் மனைவி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எறும்பு வரிசையாக விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. மருந்து போட மனசில்லை. நான்கு மூலையிலும் அரிசி நொய் கொட்டிவைத்தேன். பெரிய தீனி கிடைத்ததும் விதையை விட்டுவிட்டது. எறும்போடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தால் பச்சை.

ஜமீலா அக்காவைக் கூப்பிட்டேன். அவருக்கு முட்டி வலி. இருந்தும் கையூன்றிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கலாம் அந்த மனுஷன்” என்றார்.

யாருக்காவது போன் செய்து சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுபாஷிணிக்குச் செய்தேன். அவளுக்கு மீட்டிங்காம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரத்த அழுத்த மாத்திரையை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவர் அண்ணியிடமிருந்து போன். ஒட்டன்சத்திரம் போகும் டெம்போக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அந்த டப்பாவோடு எலுமிச்சை ஊறுகாயும் இருந்தது, சும்மா கிடந்ததால் வைத்தேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கை முழுக்கச் சிராய்ப்பு, எழுத்துக் கோணலாக வந்தால் வரட்டும்.

இன்று குணசீலன் மகள் கல்யாணம். நகர் முழுக்க மண்டபத்தில். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தால், பூங்காவில் பாதிக்கு மேல் கட்டட இடிபாடு. செங்கல், காரை, உடைந்த டைல்ஸ், கம்பி. டிப்பர் லாரியின் சக்கரத்தடம் புல்லின் மேல் ஆழமாகப் பதிந்திருந்தது. முளைத்து இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

யாரும் சத்தம் போடவில்லை. அவரவர் வீட்டு வாசலில் அப்படியே நின்றார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அதில் விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்தது.

பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினேன். முதல் செங்கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். ஜமீலா அக்கா வந்தார். பிறகு மூன்றாவது தெருக்காரர், பிள்ளையார் வைக்கச் சொன்னவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அப்புறம் எண்ணவில்லை. தெருவே இறங்கிவிட்டது. தலையில் மல்லிகைப்பூவும் முகத்தில் சந்தனமுமாகக் காரை சுமந்தோம்.

சம்பந்தி வீட்டாரை வழியனுப்பிவிட்டுக் குணசீலன் வந்து இறங்கினார். பார்த்தார். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு, நேராக வந்து ஒரு சிமென்ட் பாளத்தின் மறுமுனையைப் பிடித்தார்.

“கல்யாணம் முடிஞ்சிருச்சு. இனிமே எனக்கு என்ன?” என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பாதியை எடுத்துவிட்டோம். அடியிலிருந்த புல் மஞ்சளாக நசுங்கிக் கிடந்தது. நசுங்கியிருக்கிறது, சாகவில்லை. தடவிப் பார்த்தேன். வேர் மண்ணை விடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

முழுச் செங்கல்லையெல்லாம் தேர்ந்தெடுத்துப் புல்லைச் சுற்றி நடைபாதை போட்டுவிட்டோம். ராஜகுரு நல்ல கல்லாகத்தான் கொட்டியிருக்கிறார். செத்த இடங்களில் மண்ணைக் கிளறி மறுபடி விதைத்தேன். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறது. யார் லாரி என்று விசாரிக்கிறார்களாம். விசாரிக்கட்டும். அதுவரை நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முதல் தடவை வெட்டினோம். நுனியை மட்டும். வெட்ட வெட்டப் பக்கத்தில் படரும் என்று நர்சரிக்காரர் சொன்னது சரிதான். பழைய புல் கரும்பச்சை, புதுப் புல் இளம்பச்சை. தைத்துப்போட்ட துணி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், தைத்தது தெரியட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும், அளந்து பேசும் பெண். கூடவே அளவைக்காரரும். ராஜகுருவும் காரில் வந்து இறங்கினார். காரின் மறுபக்கக் கதவு திறந்தது. இவர் இறங்கினார்.

இளைத்திருக்கிறார். சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் தைத்திருந்தது.

ராஜகுரு குரலை உயர்த்தாமல் பேசினார். பூங்கா என்று தாம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையாம். வரைபடத்தில் இருந்தது சும்மா வண்ணமாம். மாவு விற்கிற அம்மா ஒருத்தர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நடுவில் புல்லைப் போட்டு ஆக்கிரமித்திருக்கிறாராம். “வித்துக் கொடுத்த புரோக்கரே இருக்காரு. அவரையே கேளுங்க மேடம்” என்றார்.

அதிகாரி இவர் பக்கம் திரும்பி, விற்கும்போது என்ன சொல்லி விற்றீர்கள் என்று கேட்டார்.

இவர் புல்லைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு இவரைத் தெரியும், பேசுவதற்கு முன்னால் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வார். ஜமீலா அக்கா வாசல்படியில் நின்றிருந்தார். இவர் அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

“பூங்கான்னு சொல்லித்தான் வித்தேன் மேடம். இந்த எதிர்வரிசைக்கு அதுக்குன்னே கூடுதல் விலை வாங்கிக் கொடுத்தேன்.”

அதிகாரி எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை பேனாச் சத்தம்தான் கேட்டது.

“சௌந்தரம், வண்டியில ஏறு” என்றார் ராஜகுரு.

“நான் நடந்தே போய்க்கிறேன்” என்றார் இவர். எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை.

அளவைக்காரர் நான்கு பக்கமும் அளந்தார். அதிகாரி செங்கல் பாதையில் ஒரு சுற்று நடந்துவிட்டு, இது என்ன புல் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மண் எங்கிருந்து என்றார். அதையும் சொன்னேன். முதலில் வந்த மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

இவர் போன திசையை நான் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நேற்றே சுருட்டியிருந்தேன், மறுபடி சுருட்டினேன்.

அக்டோபர் 15, புதன்

அண்ணன் வீட்டு வேலை முடிந்துவிட்டதாம். பையோடு வாசலில் நின்றார்.

“உள்ள வரலாமா?”

“உங்க வீடுதானே.”

வந்தார். உட்காரவில்லை. தெரிந்துதான் அந்த மண்ணைக் கொண்டுவந்தேன் என்றார். ராஜகுரு சொன்ன இடத்தில் ஏற்றிவந்தாராம்.

“அன்னைக்கே தெரியும்” என்றேன். ஆகஸ்டில் இந்த டைரியில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உளுந்து ஊறியிருந்தது. கிரைண்டர் தொட்டி கழுவ வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன். உள்ளே போய்க் கழுவினார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நகர்ப் பிள்ளைகள் எல்லோரும் பூங்காவில். வெடி தெருவில்தான், புல்லில் ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கூடாது என்று மூன்றாவது தெருக்காரர் கம்போடு காவல் நின்றார். ஜமீலா அக்காவின் பேரன்கள் குட்டிக்கரணம் போட்டார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். புல்லும் எழுந்துகொண்டது.

இவருக்கு இப்போது போனே வருவதில்லை. ராஜகுரு சொல்லிவிட்டாராம், திண்டுக்கல்லில் ஒருத்தரும் இவரைச் சேர்க்கக் கூடாது என்று. மாவுப் பாத்திரத்தை வண்டியில் வைத்து அடுத்த நகருக்குக் கொண்டுபோய் விற்கிறார். மனை விற்ற வாய், மாவுக்கும் கூவுகிறது. நேற்று பாத்திரம் காலியாகத் திரும்பியது.

நவம்பர் 5, புதன்

ஒன்றிய அலுவலகத்தில் பூங்கா என்றே பதிவாகிவிட்டது. உடனே ராஜகுரு கோர்ட்டுக்குப் போய் இடைக்கால உத்தரவு வாங்கிவிட்டார். குணசீலன் வெளுத்த முகத்தோடு அந்தத் தாளைக் கொண்டுவந்தார். வழக்கு முடியும்வரை இடம் இப்போது இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும், யாரும் எதையும் மாற்றக் கூடாதாம். இனித் தண்ணீர் ஊற்றலாமா, வெட்டலாமா, உள்ளே போகலாமா என்று அவருக்கு நூறு சந்தேகம்.

இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப என்ன நிலையில இருக்கு சார்?”

“புல்லாத்தான் இருக்கு.”

“அப்ப புல்லாவே இருக்கணும்னு கோர்ட்டே சொல்லிருச்சு. தண்ணி ஊத்தலைன்னா காஞ்சிரும். காஞ்சா நிலை மாறிரும். கோர்ட்டை மீறுறதா நாம?”

குணசீலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர் உள்ளிருந்து சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காபிக்கு டம்ளர் எடுக்கும்போது இவருக்கும் ஒன்று எடுத்தேன்.

நவம்பர் 12, புதன்

நான்கு நாளாக நல்ல மழை. தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். செண்பகா நகர் தெருவெல்லாம் சேறு, பூங்காவில் மட்டும் செருப்பில்லாமல் நடக்கலாம். பக்கத்து நகரிலிருந்து மூன்று பெண்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவர்கள் நகரிலும் பச்சை அடித்த இடம் ஒன்று இருக்கிறதாம். என்ன விதை, எந்த மண் என்று கேட்டார்கள். இட்லித் தட்டு இருக்கிறதா என்று கேட்டேன். உப்பு எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தி தயங்காமல் மண்ணைக் கிள்ளி வாயில் வைத்தாள். அவள் ஜெயித்துவிடுவாள்.

மழைக்குப் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெட்ட வேண்டும். ராஜகுருவின் வக்கீல் போட்டோ எடுக்க ஆள் அனுப்பப் போகிறாராம். வரட்டும். கோர்ட் சொன்னபடி நாங்கள் எதையும் மாற்றவில்லை. அது வளர்ந்தது, நாங்கள் வெட்டினோம். மறுபடி வளரும், மறுபடி வெட்டுவோம்.